செவ்வாய் கர்ப்பிணிகளுக்கு, புதன் குழந்தைகளுக்கு. முதியவர்களுக்கு எந்தக் கிழமை?

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறையின் அமைச்சர், செயலாளர், பொது சுகாதார இயக்குநர் ஆகியோருக்கும், மாவட்டந்தோறும் பணியாற்றும் சுகாதார அலுவலர்களுக்கும்:

வணக்கம்.

நான் உங்கள் துறையில் 32 ஆண்டுகள் வேலை பார்த்தவள். 1981இல் கரிசல் காட்டு ஊர் ஒன்றின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உதவி மருத்துவராகச் சேர்ந்தேன். 2013இல், அப்போதைய விதிப்படி 58 வயதில் ஓய்வு பெற்றேன். நடுவில் சில அரசு மருத்துவமனைகளுக்கு மாறுதலாகிப் போனதுண்டு. ஆனாலும் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி பிரசவ அறையில்தான் கழிந்தது. ஓய்வுக்குப் பிறகு நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த ஊருக்கே திரும்பி வந்து குடியிருக்கிறேன். தெருவில் நடந்தால் நான் பிரசவம் பார்த்த பெண்கள் எதிரே வருகிறார்கள். அவர்களில் பலர் இப்போது பாட்டிகள், சிலர் கொள்ளுப்பாட்டிகள். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

கடந்த மார்கழியில் ஒரு நாள் காலை, என் வீட்டுத் திண்ணையில் ஒரு மூதாட்டி வந்து உட்கார்ந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் தன் நாலாவது பிள்ளையை என் கையில் பெற்றதாகச் சொன்னார். அப்போது அவருக்கு முப்பத்து நான்கோ முப்பத்தைந்தோ இருந்திருக்கும். இப்போது எண்பதை நெருங்குகிறார். நெற்றியில் ஒரு பக்கம் கன்றிப்போய் நீலம் பாரித்திருந்தது. "ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தேன், தலை சுற்றிவிட்டது, விழுந்துவிட்டேன்" என்றார். அந்த மாதத்தில் அது இரண்டாவது முறை. கையில் ஒரு மஞ்சப்பை வைத்திருந்தார். "எல்லா மாத்திரையும் இதில்தான் இருக்கிறது டாக்டரம்மா, ஒன்றைக்கூட விடாமல் சாப்பிடுகிறேன்" என்று பெருமையாகச் சொன்னார்.

பையைத் திண்ணையில் கவிழ்த்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சர்க்கரை மாத்திரைகள் இரண்டு வகை, மெட்ஃபார்மினும் கிளிபென்கிளமைடும். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். அது சிலருக்குக் கால் வீக்கத்தைத் தரும், இவருக்கும் தந்திருக்கிறது. வீக்கத்தைக் காட்ட வேறொரு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். அங்கே நீர் பிரிய ஃபுரோசமைடு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் இரவில் நாலு முறை எழுந்திருக்கிறார். மூட்டு வலிக்கு ஒரு தனியார் கிளினிக்கில் டைக்ளோஃபினாக். அது வயிற்றைப் புண்ணாக்கும் என்பதற்கு இன்னொரு மாத்திரை. தூக்கம் வரவில்லை என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய அல்ப்ரசோலம். சளிக்குக் குளோர்பெனிரமின். எட்டு வகை. அவற்றில் மூன்று வகையின் அட்டைகளில் 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அன்று' என்ற வாசகம்.

விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தேன். 58. ஆபத்தான அளவுக்குக் குறைவு. பல் இல்லை, காலையில் அரைக் குவளை நீராகாரம்தான் குடித்தேன் என்றார். ஆனால் இரண்டு சர்க்கரை மாத்திரைகளையும் தவறாமல் விழுங்கியிருந்தார்.

இதில் யாருடைய தவறும் இல்லை. அந்த எட்டில் ஒவ்வொன்றையும் எழுதியவர், தன் முன்னால் இருந்த ஒரு குறைக்குச் சரியான மருந்தைத்தான் எழுதியிருக்கிறார். கால் வீக்கத்தைப் பார்த்தவர் காலைப் பார்த்தார், மூட்டைப் பார்த்தவர் மூட்டைப் பார்த்தார். பையை ஒருவரும் கவிழ்த்துப் பார்க்கவில்லை. அதற்கு ஓ.பி. வரிசையில் அவர்களுக்கு நேரமும் இல்லை, அது தன் வேலை என்று அவர்களிடம் யாரும் சொல்லவும் இல்லை.

எண்பது வயது உடம்பில் கிளிபென்கிளமைடு நெடுநேரம் தங்கும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இன்னும் நேரம் தங்கும். சர்க்கரை இறங்கினால் இளைஞனுக்கு வியர்க்கும், கை நடுங்கும், பசிக்கும். முதியவருக்குப் பேச்சு குழறும், ஆள் மாறிப் பேசுவார், சில நேரம் ஒரு பக்கம் கை கால் வராமல்கூடப் போகும். வீட்டில் 'பக்கவாதம்' என்பார்கள், இல்லாவிட்டால் 'மூளை குழம்பிவிட்டது' என்பார்கள். பக்கவாதம் என்று தூக்கிக்கொண்டு வந்த ஒரு பெரியவர், நரம்பில் குளுக்கோஸ் ஏறிய பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து தன் செருப்பு எங்கே என்று கேட்டதை நான் பணியில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். இரவோடு இரவாக வாயில் நுரை தள்ளி இறந்துபோனவர்கள் எத்தனை பேருக்கு அப்படி ஒரு குளுக்கோஸ் கிடைக்காமல் போனதோ.

அந்த அம்மாளுக்கு நான் புதிதாக ஒரு மருந்தும் எழுதவில்லை. நிறுத்த வேண்டியவற்றை நிறுத்தச் சொல்லி, மாற்ற வேண்டியதைக் குறித்து, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினேன். சின்னப் பையன், என் பேரன் வயது. அன்றே எனக்குத் தொலைபேசியில் பேசினார், அக்கறையோடு மருந்துகளை மாற்றிக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து அந்த அம்மாள் வந்தபோது கால் வீக்கம் வடிந்திருந்தது. மறுபடி விழவில்லை. நல்ல வைத்தியம் என்பது சில நேரம் மாத்திரையை எடுத்துவிடுவதுதான் என்று எனக்கு மருத்துவக் கல்லூரியில் யாரும் கற்றுத் தரவில்லை. குழந்தை மருத்துவம் எங்களுக்குத் தனிப் பாடமாக இருந்தது, தனித் தேர்வு இருந்தது. முதியோர் மருத்துவம் என்று ஒரு பாடம் இருக்கவில்லை.

குறை சொல்வதற்காக மட்டும் எழுதவில்லை. இந்தத் துறையில் வேலை பார்த்ததை நான் என் வாழ்நாளின் பெரும் பேறாக நினைக்கிறேன். 1939இலேயே நாட்டில் முதல்முறையாகப் பொது சுகாதாரத்துக்கென்று சட்டம் கண்ட மாகாணம் இது. நான் சேர்ந்த காலத்தில் மருந்து அலமாரி பாதி மாதம் காலியாக இருக்கும். 1994இல், அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்ட பிறகு, சில ஆண்டுகளிலேயே அந்த அலமாரி நிறைந்ததை நான் கண்ணால் கண்டேன். வெளியில் வாங்கி வரச் சொல்லி நோயாளியிடம் சீட்டு எழுதிக் கொடுக்கும் அவமானம் எனக்குக் குறைந்தது. பேறுகால மரணங்களும் அப்படித்தான். 2001-03 காலத்தில் உயிரோடு பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு 134 தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள். 2018-20 கணக்கில் அது 54. எண்ணிக்கையில் அது குறைந்ததற்குப் பின்னால் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு தாய் இறந்தால் அந்த வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும். எத்தனை மணிக்கு வலி கண்டது, யார் பார்த்தார்கள், வண்டி எப்போது வந்தது, ரத்தம் ஏன் கிடைக்கவில்லை என்று நிமிடக் கணக்கில் எழுத வேண்டும். மாவட்ட ஆட்சியர் முன்னால் போய் நிற்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு முந்தின இரவு எனக்குத் தூக்கம் வந்ததே இல்லை. அந்தப் பயம்தான் எத்தனையோ தாய்மார்களைக் காப்பாற்றியது.

இன்று ஒரு பெண் கருவுற்றால் அவளுக்கு ஒரு பிக்மி எண், அதாவது கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண், கொடுக்கப்படுகிறது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண் தேவை. எந்த மாதம் ரத்தம் பார்த்தார்கள், எந்த நாள் ஸ்கேன், எப்போது தடுப்பூசி, எல்லாம் அதன் கீழ் ஏறிவிடுகிறது. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கு, புதன்கிழமை தடுப்பூசிக்கு. ஊரில் எழுத்தறியாத பெண்ணுக்குக்கூட இந்தக் கிழமைகள் தெரியும். அவள் வராவிட்டால் கிராம சுகாதார செவிலியர் வீடு தேடிப் போகிறார். ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து.

அதே செவிலியரின் துணை சுகாதார நிலையத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 5,000 பேருக்கு ஒரு நிலையம். ஆயிரத்துக்கு 13.8 என்றிருந்த நம் 2020ஆம் ஆண்டுப் பிறப்பு விகிதப்படி அவர் பார்க்க வேண்டிய பிரசவங்கள் வருடத்துக்கு ஏறத்தாழ 70. அந்த 5,000 பேரில் அறுபதைக் கடந்தவர்கள் எத்தனை பேர்? தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் மதிப்பீட்டில் 2021இல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் மூத்த குடிமக்கள். அப்படியானால் 680 பேர். 2031இல் 18.2 விழுக்காடு என்கிறது அதே மதிப்பீடு. அப்போது 900 பேருக்கு மேல். எழுபது பேருக்கும் தனித்தனி எண் உண்டு, கிழமை உண்டு, தேடி வரும் ஆள் உண்டு. அறுநூற்று எண்பது பேரில் யார் தனியாக இருக்கிறார், யார் படுக்கையில் இருக்கிறார், யாருக்குக் கண் தெரியவில்லை என்று ஒரே இடத்தில் எழுதிய ஏடு ஒன்று நம்மிடம் இல்லை.

'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறதே என்று நீங்கள் சொல்வீர்கள். இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் அது தொடங்கப்பட்டபோது, தொலைக்காட்சியில் பார்த்து நான் உண்மையிலேயே கண் கலங்கினேன். 2024இல் அதற்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்ததும் தகுதியானதுதான். எங்கள் தெருவுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர், வெயிலில் வீடு வீடாக நடந்து ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் இல்லாவிட்டால் இந்த ஊரில் பாதிப் பேர் மருந்தே சாப்பிட மாட்டார்கள். ஆனால் அவர் கையில் இருப்பது இரண்டு நோய்களின் பட்டியல். யாருக்கு அழுத்தம், யாருக்குச் சர்க்கரை. அந்தப் பட்டியலில் இல்லாத கிழவர் பக்கத்து வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தாலும் அவர் கணக்கில் வரமாட்டார். வட்டாரத்துக்கு ஒரு இயன்முறை மருத்துவர், தீராத நோயில் கிடப்பவர்களின் வலியைத் தணிக்க ஒரு நோய் ஆதரவு செவிலியர் என்று வைத்திருக்கிறீர்கள். வட்டாரம் என்பது எத்தனை ஊராட்சிகள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து வந்தவருக்கு முதல் சில வாரங்கள்தான் உயிர் நாடி. அந்த நாட்களில் எழுப்பி நடக்க வைக்காவிட்டால் பிறகு நடப்பதே இல்லை. ஒரே ஒருவர் இத்தனை ஊர்களையும் சுற்றி வந்து முடிப்பதற்குள் அந்த வாரங்கள் போய்விடுகின்றன.

இறப்புப் பதிவேட்டை என்றாவது எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? காரணம் என்ற இடத்தில் 'முதுமை' என்று எழுதியிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு முதியவர் சாணம் மெழுகிய ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு முறிந்தது. 'இந்த வயதில் ஆபரேஷனா' என்று வீட்டில் வைத்துக்கொண்டார்கள். புத்தூர்க் கட்டுப் போட்டார்கள். படுத்தே கிடந்ததில் முதுகில் புண் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது. காய்ச்சல்கூட இல்லை. முதியவர்களுக்கு நிமோனியா வந்தால் பல நேரம் காய்ச்சல் இருக்காது, சாப்பாடு இறங்காது, பேச்சு குழம்பும், அவ்வளவுதான். நாற்பதாவது நாள் போய்விட்டார். பதிவேட்டில் முதுமை. அவர் முதுமையால் சாகவில்லை. முறிந்த எலும்புக்கு இரண்டொரு நாளில் அறுவை சிகிச்சை கிடைக்காமல் செத்தார். தாய் ஒருத்தி இப்படி இறந்திருந்தால் மருத்துவர்கள், செவிலியர்கள், வண்டி ஓட்டுநர் எல்லோரும் ஆட்சியர் முன்னால் நின்றிருப்போம். இவருக்காக ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நானும்தான்.

இனி சொல்லப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று நெடுநாள் யோசித்தேன். நான் வேலை பார்த்த பகுதியில் 'தலைக்கு ஊற்றுவது' என்று ஒரு சொல் உண்டு. படுத்த படுக்கையான முதியவரின் உயிரை வீட்டாரே முடித்துவைப்பதற்கு ஊரில் வழங்கும் பெயர். 2010இல் விருதுநகர் மாவட்டத்தில் அப்படி ஒன்று நாளிதழ்களில் வெளிவந்து, நாடே அதிர்ந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அது செய்தியாக இல்லை.

தொண்ணூறுகளில் ஒரு மாலை, புறநோயாளிகள் எல்லாம் போன பிறகு ஒருவர் வந்தார். தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. விரல்களில் மருந்துக் கறை. "அம்மாவுக்கு இன்னும் எத்தனை நாள் டாக்டரம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்த கேள்வி எனக்குப் புரிந்துவிட்டது. கடுமையாகத் திட்டி அனுப்பினேன். அவர் தலைகுனிந்து போனார். அன்று இரவு எனக்கு உறக்கம் இல்லை. மறுநாள் செவிலியரை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நாற்றம் தெரிந்தது. அந்தத் தாயின் முதுகின் கீழ்ப்பகுதியில் என் உள்ளங்கை அளவு புண், எலும்பு தெரிந்தது. மகனும் மருமகளும் விடியுமுன் ஆலை வண்டியில் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி இல்லை, மூன்று பிள்ளைகளுக்குச் சோறு இல்லை. ஒரு சொம்புத் தண்ணீரைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். அதை எடுத்துக் குடிக்க அந்தக் கிழவிக்குக் கை எழும்பாது.

புண்ணைச் சுத்தம் செய்தேன். எங்கள் நிலையத்தில் இருந்த மெட்ரோனிடசோல் மாத்திரைகளைப் பொடித்துப் புண்ணில் தூவக் கற்றுக் கொடுத்தேன். அது நாற்றத்தை அடக்கும். படுக்கையில் வாழையிலை விரிக்கவும், பக்கம் மாற்றிப் படுக்க வைக்கவும் பழக்கினோம். பகலில் இரண்டு முறை வந்து திருப்பிப் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுக்க பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தவர் எங்கள் செவிலியர்தான். அந்த அம்மாள் அதன் பிறகு ஏழு மாதம் இருந்தார். புண் முழுதாக ஆறியது என்று சொல்லமாட்டேன். நாற்றம் போயிருந்தது, முனகல் குறைந்திருந்தது. பேரப்பிள்ளைகள் மறுபடி அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த மகன் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவே இல்லை.

கொல்வது கொலைதான், அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் போலீஸ் நுழைவதற்கு முன்னால் ஒரு செவிலியர் நுழைந்திருக்க வேண்டும். படுக்கையில் விழுந்தவரைப் பார்த்துக்கொள்வது முழுநேர வேலை. 2023இல் முதியோர் ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய் ஆக்கப்பட்டது. அதை நாளுக்கு வகுத்தால் 40 ரூபாய். கூலியை விட்டுவிட்டு வீட்டில் உட்காரும் மருமகளுக்கு, மகளுக்கு அந்த நாற்பது ரூபாயில் என்ன ஆகும்? தூக்கிவிடுவதும் துடைத்துவிடுவதும் எப்போதும் பெண்கள் தலையில்தான் விடிகிறது. அவர்களில் பாதிப் பேர் தாங்களே அறுபதைத் தாண்டியவர்கள் என்பதையும் நான் தினம் பார்க்கிறேன்.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. புற்றுநோய் முற்றியவர்கள் இன்றும் கிராமங்களில் இரவெல்லாம் கத்திக்கொண்டு கிடக்கிறார்கள். அந்த வலியைத் தணிக்கும் மார்ஃபின் மாத்திரை மலிவானதுதான். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் அதைப் பூட்டி வைத்தது என்றால், 2014இல் வந்த திருத்தம் பூட்டைத் திறந்துவிட்டது. கேரளம் 2008இலேயே நோய் தணிப்புச் சிகிச்சைக்குத் தனிக் கொள்கை வகுத்து, ஊராட்சிகள் மூலம் செவிலியரை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியது. செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் கிடைப்பது இந்தப் பக்கம் ஏன் கிடைக்கக்கூடாது?

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. எல்லாம் எழுத்தில் இருக்கிறது. 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு முதியவர்களுக்குத் தனி வரிசை வேண்டும் என்கிறது. 2010-11இல் தொடங்கிய தேசிய முதியோர் நலத் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு நாள் முதியோர் மருத்துவம், மாவட்ட மருத்துவமனையில் பத்துப் படுக்கைகள் என்கிறது. சென்ற ஆண்டு என் கணவரைக் கூட்டிக்கொண்டு ஒரு பெரிய அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். நான் யார் என்று சொல்லிக்கொள்ளவில்லை. தனி வரிசைக்கான பலகை சுவரில் தொங்கியது. பலகையின் கீழே பழைய கட்டில்களை அடுக்கி வைத்திருந்தார்கள். இரண்டே முக்கால் மணி நேரம் நின்றோம், உட்கார ஒரு பெஞ்சு இல்லை. உள்ளே போனதும் அந்த இளம் மருத்துவர் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் மேசையில் அன்று கிடந்த சீட்டுகளைப் பார்த்தேன். என் கணவருக்குக் காது மந்தம். அவர் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூட இவர் காதில் விழவில்லை. எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

முதியோர் மருத்துவத்துக்கு இந்த நாட்டில் வழிகாட்டியதே சென்னைதான். மருத்துவர் வி.எஸ். நடராசன் 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனப் புறநோயாளிப் பிரிவு தொடங்கியபோது, இப்படி ஒரு துறை உண்டென்றே பலருக்குத் தெரியாது. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அதற்கு மேற்படிப்பு வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. பெருமைதான். ஆனால் என் திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மாளுக்குக் கிண்டி 500 கிலோமீட்டருக்கு அப்பால். அவருக்கு வேண்டியது 200 படுக்கை மருத்துவமனையும் இல்லை. அவர் பையை யாராவது கவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு என்ன செய்துவிட முடியும் என்று நான் சோர்ந்த நாட்களில், மதுரையில் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமியை நினைத்துக்கொள்வேன். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண் தெரியாத கிழவர் தானாக வரமாட்டார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஊர் ஊராகப் போய் முகாம் போட்டு, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், அறுவை முடித்துத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். அவர்கள் தேடிப் போனதால்தான் எத்தனையோ கிழவர்களுக்குக் கண் திரும்பியது. கர்ப்பிணிகளைத் தேடிப் போய்த்தான் நாமும் ஜெயித்தோம்.

ஆகவே ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் முதியோருக்கென ஓர் ஏடு திறக்க உத்தரவு போடுங்கள். அறுநூற்று எண்பது பேரையும் முதல் நாளே எழுத வேண்டாம். எழுபத்தைந்தைத் தாண்டியவர்கள், தனியாக இருப்பவர்கள், வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்கள், இவர்களை மட்டும் எழுதுங்கள். பிக்மி போல அவர்களுக்கும் ஒரு எண் கொடுங்கள். ஏட்டில் பெயர் ஏறினால்தான் அந்தப் பெயருக்கு ஒருவர் பொறுப்பாவார். வாரத்தில் ஒரு கிழமையை அவர்களுக்கு ஒதுக்குங்கள். வியாழன் என்றால் வியாழன். அன்று மருத்துவர் முப்பது பேருக்கு மேல் பார்க்கக்கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். வருபவர்கள் வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் பையோடு கொண்டுவர வேண்டும், வருடத்துக்கு ஒரு முறையாவது ஒரு மருத்துவர் அதைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். இடுப்பு முறிந்து இறக்கும் ஒவ்வொருவரின் மரணத்தையும், பேறுகால மரணத்தைப் போலவே, வீட்டுக்குப் போய் விசாரியுங்கள், ஆட்சியர் கூட்டத்தில் வையுங்கள். முதல் வருடம் எங்கள் எல்லோருக்கும் தலைகுனிவாக இருக்கும். இருக்கட்டும். ஏற்கெனவே வேலைச்சுமையில் திணறும் கிராம சுகாதார செவிலியர் தலையிலேயே இதையும் ஏற்றாதீர்கள். இதற்கென்று இன்னொரு பணியிடம் உருவாக்குங்கள். தன்னார்வலர்களுக்கு ஊக்கத்தொகை என்று கொடுப்பதை முறையான சம்பளமாக்குங்கள். பணம் வேண்டும், தெரியும். 1994இல் மருந்துக்கும் பணம் இல்லை என்றுதான் சொன்னார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. எங்கள் தெருத் தன்னார்வலரும் நானும் தை மாதம் முழுக்க நடந்து, இந்த ஊரில் எழுபத்தைந்தைத் தாண்டியவர்களின் பெயரை ஒரு நீளமான கோடு போட்ட நோட்டில் எழுதியிருக்கிறோம். 112 பேர். தனியாக இருப்பவர்கள் 31 பேர். படுக்கையில் இருப்பவர்கள் 9 பேர். ஐந்தும் அதற்கு மேலும் மாத்திரை சாப்பிடுபவர்கள் 47 பேர். போன வருடத்தில் ஒரு முறையாவது விழுந்தவர்கள் 38 பேர். கண் மங்கியும் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போக ஆளில்லாமல் இருப்பவர்கள் 14 பேர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வீட்டு அடையாளம் எழுதியிருக்கிறேன், வேப்பமரத்து வீடு, ரேஷன் கடைக்குப் பின் வீடு என்று. நோட்டில் இன்னும் பாதிப் பக்கம் காலியாக இருக்கிறது.

துறையிலிருந்து யாராவது வந்தால் நோட்டைக் கொடுத்துவிடத் தயாராக இருக்கிறேன். வியாழக்கிழமைகளில் காலை எட்டு மணியிலிருந்து திண்ணையில்தான் இருப்பேன். வருபவர் படுக்கையில் இருக்கும் ஒன்பது பேரையும் அன்றே பார்த்துவிட்டுப் போகலாம், எல்லாம் நடக்கும் தூரம்தான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு மருத்துவர் ஒருத்தி